மூன்று வகைச் சோயாமீற்றும் போர்விமானத்தைச் சுத்தியலால் அடித்த மனிதரும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கென வைகாசியில் ஊருக்கு வந்திருந்த அக்காவின் மகன், ரொறன்ரோவில் தான் உண்ட தாவர இறைச்சி பேகரைப் பற்றி எங்கள் முள்ளியவளை வீட்டு விறாந்தையில் இருந்தபடி அரை மணி நேரம் விளக்கினான். அது பட்டாணிப் புரதத்தில் செய்யப்படுவது என்றும், பீற்றூட் சாறு சேர்ப்பதால் உட்புறம் இறைச்சியைப் போலவே சிவந்திருக்கும் என்றும், விலை மட்டும் மாட்டிறைச்சியை விடக் கூடுதல் என்றும் அவன் சொல்லிக்கொண்டு போக, பொங்கல் முடியும் வரை மச்ச மாமிசம் புழங்காத அடுப்படியிலிருந்து சின்னம்மா எட்டிப் பார்த்து, "எட தம்பி, அதைத்தானே நாங்கள் சோயாமீற் எண்டு இவ்வளவு காலமும் தின்னுறம்" என்றார். அவன் சிரித்துவிட்டு, "அது வேறை, இது வேறை, அம்மம்மா" என்றான்.

சோயா மாவில் செய்த காய்ந்த துண்டுகளான சோயாமீற், அந்த பேகரிலிருந்து வேறென்றால் எதில் வேறு என்ற கேள்வி அவன் விமானம் ஏறிய பின்னரும் என்னை விடவில்லை. ஆகவே ஆனி மாதம் முழுவதும், கிளிநொச்சியில் நான் தங்கியிருக்கும் அறையிலும் வார இறுதிகளில் முள்ளியவளையிலுமாக, கோழிச் சுவையூட்டிய பக்கற் ஒன்று, கணவாய்ச் சுவையூட்டிய பக்கற் ஒன்று, சந்தைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சுவையூட்டாத உதிரிச் சோயாமீற் என்று மூன்றையும் வாங்கிச் சமைத்துப் பார்த்தேன். பக்கற்றுகளின் நிறுவனப் பெயர்களை இங்கே தரவில்லை. எமது கடைகளில் தொங்கும் நான்கைந்து பெயர்களுக்கிடையே நாக்குக்குத் தெரியும்படியான வேறுபாடு பெரிதாக இல்லை என்பதே முதற் காரணம்.

இந்த மதிப்புரையில் நான் கைக்கொண்ட அளவுகோல் என்னுடையதன்று. மருமகன் போகும்போது, இறைச்சிக்கு மாற்றான உணவுகளுக்காக வாழ்நாளைச் செலவிட்டுவரும் புரூஸ் பிரீட்ரிக் என்னும் அமெரிக்கரின் உரையொன்றை எனது கைப்பேசியில் இறக்கித் தந்துவிட்டுப் போனான். 2019 ஆம் ஆண்டு டெட் மேடையில் ஆற்றப்பட்ட அந்த உரையைக் கேட்ட பின்னர் அவரது வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். சோயாமீற்றைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் அந்த மனிதரின் கதையைச் சற்று நீட்டிச் சொல்வதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவரை அறியாமல் இந்தப் பண்டத்தை நான் இப்போது பார்க்கும் விதத்தில் பார்த்திருக்க மாட்டேன்.

1969 இல் பிறந்த பிரீட்ரிக், ஐயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரியில் படித்த காலத்தில், உலகப் பட்டினிக்கும் இறைச்சி உற்பத்திக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வாசித்து, 1987 இல் இறைச்சி, பால், முட்டை அனைத்தையும் கைவிட்டார். விலங்குகள் மீதான இரக்கம் அப்போது அவருக்கு முதற் காரணமாக இருக்கவில்லை. மனிதர் உண்ணக்கூடிய தானியம் கால்நடைத் தீவனமாகிறது என்பதே அவரை உறுத்தியது. கத்தோலிக்க நம்பிக்கையில் ஊன்றிய அவர், 1990களில் வாஷிங்டன் நகரில் வீடற்றோருக்கான தங்குமிடமொன்றையும் ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடமொன்றையும் ஆறு ஆண்டுகள் நடத்தினார். பசித்தவருக்குச் சட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தவர் என்பது பின்னால் முக்கியமாகும்.

எம்மவர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி அடுத்தது. 1993 டிசம்பர் 7 ஆம் திகதி, முன்னாள் கத்தோலிக்கக் குருவான பிலிப் பெரிகன் உட்பட மூவருடன் சேர்ந்து, வட கரோலைனாவிலுள்ள சீமோர் ஜோன்சன் வான்படைத் தளத்துக்குள் புகுந்த பிரீட்ரிக், அங்கே நின்ற எஃப்-15ஈ ரகப் போர்விமானம் ஒன்றைச் சுத்தியலால் அடித்தார். தங்கள் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடித்துக்கொள்வார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக்கொண்ட ஓர் இயக்கத்தின் செயல் அது. நால்வரும் ஓடி ஒளியாமல் அங்கேயே கைதானார்கள்; பிரீட்ரிக் ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். இலங்கை வான்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானம் இரையும் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்து பாய்ந்தே பள்ளிக்கூடம் முடித்த எனக்கு, குண்டு போடும் விமானத்தைத் தரையில் வைத்தே சுத்தியலால் அடித்த ஒருவர் உலகில் இருக்கிறார் என்பதும், அவர் பின்னர் சோயாவைப் பற்றிப் பேசப் போய்விட்டார் என்பதும், இரண்டு தடவை வாசித்த பின்னர்தான் மனத்தில் ஒட்டியது.

விலங்குகளையும் சமய அறத்தையும் இணைத்து எழுதப்பட்ட நூலொன்றைச் சிறையில் படித்தது அவரது பாதையைத் திருப்பியது. 1996 இல் பீட்டா என்னும் விலங்குரிமை அமைப்பில் சேர்ந்தார். அந்த அமைப்பு எதிர்த்த ஜல்லிக்கட்டுக்காக 2017 தையில் மெரினாவில் இளைஞர் திரண்டபோது யாழ்ப்பாணத்திலும் ஆதரவுக் குரல் எழுந்ததை நினைவில் வைத்திருப்போருக்கு அந்தப் பெயர் இனிக்காது, எனக்கும் இனிக்கவில்லை. ஆயினும் அங்கே பல ஆண்டுகள் உழைத்து உயர் பொறுப்புக்கு வந்த அவர், இடையில் பால்ரிமோர் நகரின் வசதி குறைந்த பாடசாலையொன்றில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தார். பின்னர் பண்ணை விலங்குகளைக் காக்கும் அமைப்பொன்றில் கொள்கைப் பணி செய்தார். சட்டமும் படித்து முடித்தார். இவ்வளவும் செய்த பின்னர் அவர் வந்தடைந்த முடிவு, தான் இருபது ஆண்டுகள் செய்த பிரசாரம் பலிக்கவில்லை என்பதாகும். இறைச்சியால் வரும் கேடுகளை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் உலகின் இறைச்சி நுகர்வு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டேதான் போகிறது. மனிதர் உணவை அறத்தால் தெரிவதில்லை, சுவையாலும் விலையாலும் எளிதிற் கிடைப்பதாலுமே தெரிகிறார்கள். ஆகவே இறைச்சியை உண்ணாதே என்று சொல்வதை விட்டுவிட்டு, இறைச்சியைப் போலவே ருசியான, அதைவிட மலிவான, அதைப் போலவே எங்கும் கிடைக்கும் ஒன்றை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். அந்தக் கருத்தின் மேல் 2016 இல் தொடங்கப்பட்டதுதான் குட் ஃபூட் இன்ஸ்டிடியூட் என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம். இந்தியா, இஸ்ரேல், பிரேசில், சிங்கப்பூர், ஐரோப்பா என்று இன்று அது கிளைவிட்டிருக்கிறது.

தான் பிழையான வழியில் நடந்தேன் என்று நடு வயதில் ஒப்புக்கொள்வது எல்லோருக்கும் வராது. அவரது கொள்கையோடு எனக்குள்ள பிணக்கைப் பின்னர் சொல்கிறேன்; அந்த நேர்மைக்காக அவரது மூன்று அளவுகோல்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன்.

விலையை முதலிற் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் விவாதத்துக்கு இடமில்லை. உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் இறைச்சியின் விலையை எட்டிப் பிடிக்க இன்னும் மூச்சிரைக்கின்றன. 2013 ஆவணியில் மார்க் போஸ்ட் என்னும் ஒல்லாந்து அறிவியலாளர் இலண்டனில் வைத்து உலகுக்குக் காட்டிய, உயிரணுக்களிலிருந்து வளர்த்த முதல் மாட்டிறைச்சி பேகரின் செலவு ஏறத்தாழ 2,50,000 யூரோ. சிங்கப்பூர் 2020 டிசம்பரில் ஆய்வுகூடக் கோழியிறைச்சியை விற்க அனுமதித்தது. ஆனால் அது இன்றுவரை சாதாரண வீட்டுச் சட்டிக்கு வந்து சேரவில்லை. மருமகன் புகழ்ந்த அந்தப் பட்டாணி பேகரைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு 2019 மே மாதத்தில் 25 டொலருக்குச் சந்தைக்கு வந்து, இரண்டே மாதத்தில் 200 டொலரைத் தாண்டி, பின்னர் வந்த விலையை விடக் கீழே விழுந்தது. கிளிநொச்சியிலோ 90 கிராம் சோயாமீற் பக்கற் ஒன்றை இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுத்து வாங்கினால் மிச்சக் காசும் வரும். கோழி கிலோ ஆயிரத்துக்கு மேல், ஆட்டிறைச்சி மூவாயிரத்துக்கும் மேல். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட 2022 புரட்டாதியில், எங்கள் ஒழுங்கையில் கோழி வாங்குவதை நிறுத்தாத வீடு ஒன்றிரண்டுதான். சோயாமீற் வாங்குவதை நிறுத்திய வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

எளிதிற் கிடைப்பதிலும் அவ்வாறே. சங்கக் கடை, சந்தி மூலைப் பெட்டிக்கடை, பெரிய அங்காடி எங்கும் அது உண்டு. குளிரூட்டி வேண்டாம். மின்சாரமே இல்லாத காட்டோரக் குடியேற்றத்திலும் கயிற்றில் கொளுவி வைத்திருப்பார்கள். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம், புரட்டாதிச் சனி என்று சைவ நாட்கள் நெருங்கும்போது அந்தக் கயிறுகள் விரைவில் வெறுமையாகும். பிரீட்ரிக்கின் நிறுவனம் உலகத்துக்கு இலக்காக வைத்திருக்கும் இரண்டு காரியங்களை வன்னியின் பெட்டிக்கடைகள் ஆரவாரம் எதுவுமில்லாமல் எப்போதோ நிறைவேற்றிவிட்டன.

எஞ்சியது சுவை. அதற்குள் போகுமுன் இந்தப் பண்டம் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதன் குறையும் நிறையும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும். சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்த பின்னர் எஞ்சும் மாவுதான் மூலப்பொருள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். அந்த மாவை நீரோடு பிசைந்து, திருகு சுழலும் இயந்திரத்தினுள் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் தள்ளி, சிறு துவாரத்தின் வழியே வெளியேற்றுகிறார்கள். இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே உள்ளே இருக்கும் நீர் வெளிக்காற்றைக் கண்டவுடன் சட்டென ஆவியாகப் பொரிந்து, மாவை உள்ளே துளைதுளையாக ஊதிவிடுகிறது. புரதம் நீள இழைகளாக இழுபட்டு உறைந்துவிடுகிறது. ஆர்ச்சர் டானியல்ஸ் மிட்லாண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1960களில் உருவாக்கிய இந்த முறைக்கு வில்லியம் அட்கின்சன் பெயரில் 1970 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்கும் முன்னரே, ஹென்றி போர்ட்டின் சோயா ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த ரொபேட் போயர், துணி நெய்யச் சோயா இழை நூற்கப் போய், அதையே உண்ணும் இழையாக்கி 1954 இல் காப்புரிமை பெற்றிருந்தார். மோட்டார் வண்டிக்காரரின் ஆய்வுகூடத்தில் முளைத்த யோசனை முள்ளியவளை அடுப்படி வரை வந்திருப்பது ஒரு வேடிக்கைதான்.

ஆகவே சோயாமீற் என்பது காய்ந்த, துளைகள் நிறைந்த, தனக்கெனச் சுவை அதிகம் இல்லாத, நீரைக் குடிக்கும் ஒரு கடற்பஞ்சு. அதற்கென்று இருப்பது அவரைக்குரிய பச்சை வாடை ஒன்றுதான். சமைப்பவரின் வேலை இரண்டு: அந்த வாடையைப் போக்குவதும், துளைகளுக்குள் எது போய் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும்.

கோழிச் சுவைப் பக்கற்றை, உறையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தபடியே, ஒரு சொல்லும் பிசகாமல் சமைத்தேன். வெந்நீரில் ஊறவிட்டுப் பிழிந்து, வெங்காயத்துடன் வதக்கி, உள்ளே வைத்திருந்த சிறு பொட்டலத்துத் தூளைக் கொட்டி, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்க வைத்தேன். வந்த மணம் கோழிக் கறியின் மணமன்று, உடனடி நூடில்ஸ் பொட்டலத்தின் மணம். உப்பு அளவுக்கு மேல். துண்டைக் கடித்தால் முதற் கடியில் கோழியின் நார் போன்ற ஏமாற்று. இரண்டாம் கடியில் அது நனைந்த பாணாகிவிடுகிறது. குழந்தைகள் விரும்பி உண்பார்கள், பெரியவர்கள் குழம்பை மட்டும் தொட்டுக்கொள்வார்கள். சுவையூட்டும் தூளைப் பாதியாகக் குறைத்து, வீட்டுக் கறித்தூள் சேர்த்து மறுபடி செய்தபோது சற்றுத் தேறியது. ஆனால் அப்படிச் செய்வதானால் அந்தத் தூளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கணவாய்ச் சுவையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முல்லைத்தீவுக் கடலுக்கு அண்மையில் இருக்கும் ஊரில், வெள்ளைக் கணவாயைப் பிரட்டி உண்டு வளர்ந்த வாய்க்கு, அந்தப் பெயரை உறையில் அச்சிட்டதே சற்று அதிகப்படியாகத் தெரிந்தது.

வழியில் ஓர் அனுபவம். கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கடையொன்றில், பெயரைத் தவிர்க்கிறேன், வெள்ளிக்கிழமை இரவு சோயா கொத்துரொட்டி கேட்டேன். ஊறவைத்த துண்டுகளைப் பிழியாமலே தட்டில் போட்டு ரொட்டியுடன் சேர்த்துக் கொத்தினார்கள். துண்டுகள் கக்கிய தண்ணீரில் ரொட்டி களியாகி, வாயில் வைத்த இடமெல்லாம் பச்சை அவரை வாடை. அதே கடையின் முட்டைக் கொத்து நல்ல பக்குவமானது என்பதால், இது கைத்திறன் இல்லாமையால் வந்த பிழையன்று. சோயாவைக் கேட்பவர் வேறு வழியில்லாமல் கேட்கிறார், அவருக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணத்தால் வந்த பிழை அது என்பது என் ஊகம். இந்த ஊகத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

உதிரிச் சோயாமீற்றைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். அவர் எந்தப் பொட்டலத்தையும் எந்த நாளும் வாசித்ததில்லை. கொதிநீரில் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தார், பிழிந்தார், பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழிந்தார், கை வலிக்கும் வரை மூன்றாம் தடவையும் பிழிந்தார். அதன் பின்னர் அவர் செய்த காரியம்தான் பக்கற் உறைகள் எதிலும் காணாதது: எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் வெறும் மண்சட்டியில் துண்டுகளைப் போட்டு, ஓரங்கள் கருகத் தொடங்கும் வரை பிரட்டினார். பிறகு நல்லெண்ணெய், நிறைய உள்ளி, இஞ்சி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, இரம்பை, வறுத்து இடித்த கறித்தூள், தட்டிய மிளகு. இரண்டாம் பாலில் மூடி அவியவிட்டு, பால் வற்றி எண்ணெய் கக்கும் நேரம் முதற்பாலைச் சுற்றி ஊற்றி, இறக்கிய பின்னர் தேசிக்காய்ப் புளி.

புழுங்கலரிசிச் சோற்றுடன் உண்டபோது, இதை எங்கோ உண்டிருக்கிறேன் என்று நாக்கு தேடியது. சொன்னேன். சின்னம்மா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "வத்தல் கறி வைக்கிற பக்குவம்தான் தம்பி. பச்சை இறைச்சி எண்டு நினைச்சுச் சமைச்சால் இது ஏமாத்திப்போடும். வத்தல் எண்டு நினைச்சுச் சமைக்க வேணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் இந்த மதிப்புரையின் பாதி அடங்கிவிட்டது. வன்னியின் பழைய வீடுகளில், அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக் காய்ந்த மான், மரை இறைச்சி வத்தல் மாரிகாலம் முழுவதற்கும் இருந்தது. வேட்டை இன்று சட்டப்படி குற்றம். அது அவ்வாறே இருக்கட்டும், காட்டில் மிஞ்சியிருப்பதாவது மிஞ்சட்டும். ஆனால் கல்லாய்க் காய்ந்த ஒன்றை ஊறவைத்து, வாடை போகப் பிழிந்து, வெறுஞ்சட்டியில் வறுத்து, தூளையும் பாலையும் அதன் நெஞ்சு வரை இறங்கவிடும் கைப்பக்குவம் சின்னம்மாவின் தலைமுறைப் பெண்களிடம் அப்படியே இருக்கிறது. சோயாமீற் தயாரிப்போர் அதைக் கோழியென்றும் கணவாயென்றும் விற்பதுதான் பிழை. காய்ந்து துளையோடிய அந்தப் பொருளுக்கு இயல்பாகவே நெருங்கிய உறவு புதிய இறைச்சியுடன் அன்று, வத்தலுடன்தான். அந்த உறவை ஏற்றுக்கொண்டு சமைத்தால் அது எதற்கும் போலியாக நிற்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அடுத்த வாரம் வளவிலிருந்த பலாவில் பிஞ்சுக்காய் ஒன்றை வெட்டி, அதே தூளில் அதே சட்டியில் கறி வைத்தோம். நாரின் அழகில் பலா வென்றது. சோயாவிடம் இல்லாத மென்மையான துவர்ப்பும் அதில் உண்டு. புரதத்தில் அது சோயாவின் அருகே வராது, ஆண்டு முழுவதும் கிடைப்பதுமில்லை. பலாவைச் சொல்லும்போது பாணந்துறை ஆர்தர் வி. டயஸை விட்டுவிட முடியாது. 1915 கலவரத்தை ஒட்டிய இராணுவச் சட்ட நாட்களில் சிறையிலடைக்கப்பட்ட அவர், பின்னர் நாடெங்கும் பத்து இலட்சம் பலாக்கன்றுகளை நட வேண்டும் என்று இயக்கம் நடத்தி, சிங்கள மக்களிடம் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று பெயர் பெற்றார். அவர் நினைத்தது சோற்றுக்கு மாற்று, இறைச்சிக்கன்று. ஆயினும் சிறைக்குப் போய் வந்தவர்கள் உணவைக் கையிலெடுப்பது அமெரிக்காவில் மட்டும் நடந்த காரியமில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது நான் தள்ளிவைத்த பிணக்குக்கு வருகிறேன். பிரீட்ரிக்கின் கணக்குப்படி, விலையில் வென்று, எங்கும் கிடைத்து, சரியான கையில் சுவையும் தேறிய ஒரு பண்டம், இறைச்சியின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். வன்னியில் அது நடக்கவில்லை. காசு வந்த அன்று மனிதர் கோழிக் கடைக்கோ குளத்து மீன் விற்பவரிடமோதான் போகிறார்கள். ஏன் என்று சின்னம்மாவிடம் கேட்டேன், "வீட்டுக்கு வந்த ஆக்களுக்குச் சோயாமீற் வைக்கேலுமோ?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

வைக்க ஏலாது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு வைக்க ஏலாது, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனுக்கு வைக்க ஏலாது. அவன் வந்த அன்று அடுப்படியில் அது இருந்ததற்குக் காரணம் பொங்கல் மட்டுமே, அதற்குக்கூடச் சின்னம்மா இரண்டு தடவை சமாதானம் சொன்னார். 2009 இல் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பிக்குள் இருந்த மாதங்களில், பருப்பும் பூசணிக்காயும் அலுத்த பின்னர், பெரிய கிடாரத்தில் அவித்து எமக்கு ஊற்றப்பட்டது இந்தச் சோயாமீற்தான். வரிசையில் நின்று, கோப்பையை நீட்டி வாங்கிய கறி. அந்தச் சுவையை நான் மறந்துவிட்டேன். நீட்டிய கையை மறக்கவில்லை. என் வயதுக்காரர் பலர் இன்றும் அதைத் தொடுவதில்லை, தொடாததற்குச் சுவையைக் காரணம் சொல்வார்கள். ஏ-9 வீதிக் கடைக்காரர் பிழியாமல் கொத்தியதும் இதே மனத்தால்தான்: கேட்டு வாங்குபவரின் பண்டமாக அது ஒருநாளும் இருந்ததில்லை, கொடுத்ததை உண்பவரின் பண்டமாகவே இருந்துவிட்டது.

சுவை, விலை, கிடைப்பு என்ற மூன்றுக்கும் பக்கத்தில் மரியாதை என்று நான்காவது ஒன்று இருக்கிறது. ஏழைகளுக்குச் சமைத்துப் போட்டு ஆறு ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு, இலவசச் சட்டியிலிருந்து வரும் உணவு வாங்குபவரின் நினைவில் என்னவாகத் தங்கும் என்பது தெரியாமல் இருந்திராது. ஆனால் அவரது உரையில் அது இல்லை. அவர் பேசுவது செல்வ நாடுகளின் சந்தையைப் பார்த்து. அங்கே மாற்று இறைச்சி விலை கூடிய, நாகரிகமான பண்டமாகப் பிறந்து, இப்போது மலிவாகத் திணறுகிறது. இங்கே அது மலிவாகப் பிறந்து, மரியாதைக்குத் திணறுகிறது. மருமகன் சொன்ன "அது வேறை, இது வேறை" என்பதன் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். புரதம் பட்டாணியா சோயாவா என்பது அதில் சிறு பகுதி.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கோழிக்கு ஒன்பது கலோரித் தீவனம் கொடுத்தால் இறைச்சியாக ஒரு கலோரிதான் திரும்பி வருகிறது என்று அவர் சொல்லும் கணக்கு, சோளம் விதைத்துத் தீவனக்காரருக்கு விற்கும் எமது விவசாயிக்கு விளங்காத ஒன்றன்று. தன் காணியில் விளைந்தது எங்கே போய் எவ்வளவாகச் சுருங்குகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வாதத்தில் நான் பிழை காணவில்லை.

இனி வாங்க நினைப்போருக்கு. மூன்றில் உதிரிச் சோயாமீற்றை மட்டுமே நான் மறுபடி வாங்குவேன், வாங்கவும் தொடங்கிவிட்டேன். பெரிய துண்டுகளாகப் பார்த்து எடுங்கள். பொடிந்த துண்டு பிழியும்போது கையோடு போய்விடும். வெளிர் மஞ்சள் நிறம் நல்லது, கபில நிறமாகி எண்ணெய்ச் சிக்கு மணத்தால் அது பழையது. சுவையூட்டிய பக்கற்தான் கிடைக்கிறது என்றால், உள்ளேயிருக்கும் தூளைப் பாதிக்கு மேல் போடாதீர்கள், உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தூளையே தவிர்ப்பது நல்லது. வெறுஞ்சட்டியில் வறுக்கும் வேலையை மட்டும் நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 100 கிராம் உதிரி, ஊறினால் நான்கு பேருக்குத் தாராளமாகக் காணும். மாரியில் ஈரம் பட்டால் பூச்சி வைக்கும் என்பதால் மூடியிறுகிய போத்தலில் போட்டு வையுங்கள். சின்னம்மா அதற்குள் இரண்டு செத்தல் மிளகாயும் போட்டு வைக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, விரதமும் இல்லாத, காசு முட்டும் இல்லாத ஒரு நாளில், கூட வேலை செய்யும் இருவரை முள்ளியவளைக்குக் கூட்டிக்கொண்டு போய், சின்னம்மா வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, அந்தக் கறியை வைக்கச் செய்தேன். ஒருவர் இரண்டாம் தடவை வாங்கினார். மற்றவர் என் வயது. குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். சின்னம்மா உடனே முட்டை ஒன்றைப் பொரித்து அவர் தட்டில் வைத்தார்.